முட்டுக்காலில் முழங்கால் மாற்று: எந்தப் பக்கத்தால் திறப்பது, ஏன்?

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் முழங்கால் மாற்றுச் சத்திரசிகிச்சை இப்போது அபூர்வமான விடயம் இல்லை. ஒரே ஊரில் இரண்டு மூன்று பேர் செய்திருப்பார்கள். அவர்கள் கூடிக் கதைக்கும்போதுதான் குழப்பம் தொடங்குகிறது. "எனக்கு உள்பக்கத்தால திறந்தாங்க, உங்களுக்கு ஏன் வெளிப்பக்கத்தால எண்டு சொல்றாங்க?" "எனக்குப் போட்ட மூட்டைவிட உங்களுக்கு எழுதித் தந்த மூட்டு ஏன் விலை கூட?" "கால் நிமிர்ந்தாச்சு, ஆனா பாதம் தூக்க ஏலாமப் போச்சாமே, அது எப்பிடி?"

இந்தக் கேள்விகள் பெரும்பாலும் ஒரே வகைக் காலைச் சுற்றியே வருகின்றன. முழங்கால்கள் உள்நோக்கிச் சாய்ந்து ஒன்றையொன்று முட்டும் கால் அது. இந்தக் கட்டுரையில் அதை முட்டுக்கால் என்றும், அதற்கு எதிரான வகையை வில்லுக்கால் என்றும் சொல்வோம். தேய்ந்த முழங்கால் என்ற வகையில் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றினாலும், உள்ளே இருக்கும் சேதம் நேர் எதிரானது. வில்லுக்காலுக்குப் பழகிய வேலைமுறையை அப்படியே முட்டுக்காலில் செய்தால் மூட்டு நிலைக்காது.

முட்டுக்கால் என்றால் எத்தனை பாகை?

தொடையென்பும் கணைக்கால் உள்ளென்பும் ஒரே நேர்கோட்டில் சந்திப்பதில்லை. சாதாரண காலிலேயே கணைக்கால் 5 முதல் 7 பாகை வரை வெளிநோக்கிச் சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வு அதைவிடத் தெளிவாகக் கூடும்போது அதை முட்டுக்கால் குறைபாடாகக் கணக்கெடுப்பார்கள்.

பாகையைவிட முக்கியமானது பாரக்கோடு. இடுப்பு மூட்டின் நடுவிலிருந்து கணுக்காலின் நடுவுக்கு ஒரு நூலைப் பிடித்தால், நல்ல காலில் அது முழங்காலின் நடுவால் போகும். முட்டுக்காலில் நூல் வெளிப்புறமாக விலகிப் போகும். உடம்பின் பாரம் முழுவதும் மூட்டின் வெளிப்பாதியில் விழ, அந்தப் பக்கத்துக் கசியிழையம் தேய்ந்து, பிறகு என்பும் தேயும். தேயத் தேயச் சாய்வு கூடும், சாய்வு கூடக் கூடத் தேய்வும் கூடும்.

முழங்கால் மாற்றுக்கு வருபவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கே முட்டுக்கால் இருக்கும். ஆசிய நாடுகளில் வில்லுக்கால்தான் மிக அதிகம். ஆகவே எந்தச் சத்திரசிகிச்சைக் கூடத்திலும் முட்டுக்கால் குறைவாகவே கைக்கு வரும். அனுபவம் பற்றிய கேள்வி இந்த இடத்தில்தான் எழுகிறது. அதைப் பின்னர் பார்ப்போம்.

முக்கியமான காரணங்களில் ஒன்று முடக்குவாதம். வெளிப்பாதி மட்டும் தேய்வது, சிறுவயதில் வந்த விற்றமின் டி குறைபாட்டு என்பு மென்மை (ரிக்கெற்ஸ்), தட்டைப்பாதம், முன்னர் வில்லுக்காலை நிமிர்த்தச் செய்த என்பு வெட்டு மிகைப்பட்டுப் போனது ஆகியவையும் உண்டு. நமது பகுதியில் தனியாகக் கவனிக்க வேண்டியது மோட்டார் சைக்கிள் விபத்து. கணைக்கால் என்பின் மேல்தட்டு வெளிப்புறத்தில் உடைந்து, பள்ளமாகவே பொருந்திவிட்டால், பத்து இருபது வருடம் கழித்து அந்தக் கால் முட்டுக்காலாகி வந்து நிற்கும்.

மூட்டுக்குள் என்ன நடந்திருக்கிறது

பந்தற்கால் ஒன்றை இரண்டு பக்கமும் கயிறு கட்டி நிறுத்தியிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கத்துக் கயிறு சுருங்கி இழுக்கிறது, மறுபக்கத்துக் கயிறு இழுபட்டுத் தொய்கிறது. கால் சாய்கிறது. அந்தக் காலைப் பிடுங்கிவிட்டுப் புதுக்கால் நட்டாலும் கயிறுகள் பழையபடியே இருந்தால் புதுக்காலும் சாயும். முழங்காலில் என்பு பந்தற்கால், நார்கள் கயிறுகள். நார் என்று இங்கே சொல்வது, என்போடு என்பைக் கட்டும் லிகமென்டுகளை.

முட்டுக்காலில் நான்கு மாற்றங்கள் சேர்ந்து நடக்கின்றன.

1. தொடையென்பின் அடிமுனையில் உள்ள இரண்டு குமிழ்களில் வெளிக்குமிழ் சிறுத்துப் போயிருக்கும். அடிப்பக்கம் மட்டுமன்றிப் பின்பக்கமும் குறைந்திருக்கும். பின்பக்கக் குறைவு எக்ஸ்றேயில் எளிதில் தெரியாது. ஒப்பரேஷனில் அளவுகளைப் பிழைக்கவைப்பது பெரும்பாலும் இதுதான்.

2. வெளிப்புற நார்களும் நாண்களும் சுருங்கி இறுகியிருக்கும்.

3. உட்பக்க நார் இழுபட்டு நீண்டிருக்கும்.

4. முழங்காற்சில்லு, ஊரில் சிரட்டை என்று சொல்வது, தன் பள்ளத்தை விட்டு வெளிப்புறம் சறுக்கியிருக்கும்.

இவற்றில் மூன்றாவதுதான் தீர்ப்பைச் சொல்வது. குறைந்த என்பை நிரப்பலாம். இறுகியதைத் தளர்த்தலாம். நீண்டு செத்துப்போன உட்பக்க நாரை நம்பகமாகத் திரும்ப இறுக்குவது மிகக் கடினம். எனவே கீழே சொல்லும் எல்லாத் தெரிவுகளும், எந்தப் பக்கத்தால் திறப்பது என்பது உட்பட, அந்த ஒரு நார் எவ்வளவு உயிரோடு இருக்கிறது என்பதைச் சுற்றியே ஓடுகின்றன.

மூன்று தரங்கள்

சித்ரஞ்சன் ரணாவத் என்ற, நியூயோர்க்கில் பணியாற்றிய இந்திய வம்சாவளி நிபுணரின் பெயரோடு வழங்கும் பிரிப்பு பரவலாகப் பயன்படுகிறது.

முதலாம் தரம்: சாய்வு 10 பாகைக்குக் குறைவு. கையால் தள்ளினால் கால் நிமிரும். உட்பக்க நார் நலம். நூறு முட்டுக்கால்களில் ஏறத்தாழ 80 இந்த வகை.

இரண்டாம் தரம்: 10 முதல் 20 பாகை. உட்பக்க நார் நீண்டிருக்கும், ஆனாலும் இழுத்துப் பார்த்தால் ஓரிடத்தில் பிடிக்கும். ஏறத்தாழ 15.

மூன்றாம் தரம்: 20 பாகைக்கு மேல். உட்பக்க நார் வேலை செய்யாது. ஏறத்தாழ 5.

நார் பிடிக்கிறதா என்பதைப் பார்க்கும் முறை எளியது. ஆளைக் கிடத்தி, முழங்காலை 20, 30 பாகை மடித்து, ஒரு கையால் தொடையைப் பிடித்துக்கொண்டு மறுகையால் கணைக்காலை வெளிப்புறமாகத் தள்ள வேண்டும். கொஞ்சம் விலகி 'டக்' என்று நின்றால் நார் இருக்கிறது. நிற்காமல் மெத்தையில் கை அமுங்குவதுபோலப் போய்க்கொண்டே இருந்தால் நார் இல்லை. இந்தச் சோதனை அரை நிமிடம்கூட எடுக்காது. எந்த மூட்டை வரவழைப்பது என்பது இதன் பேரில்தான் முடிவாகும்.

ஒப்பரேஷனுக்கு முன் பார்க்க வேண்டியவை

படுக்கவைத்து முழங்காலை மட்டும் எடுத்த எக்ஸ்றே போதாது. நின்ற நிலையில், இடுப்பிலிருந்து கணுக்கால் வரை ஒரே படமாக எடுக்க வேண்டும். பாரக்கோட்டைக் கீற அதுதான் உதவும். தொடையென்பில் பழைய முறிவு வளைவு இருந்தால் அதிலேதான் பிடிபடும்.

இடுப்பையும் பாதத்தையும் சேர்த்துப் பார்ப்பது அவசியம். இடுப்பு மூட்டும் தேய்ந்திருந்தால் வழமையாக இடுப்பை முதலில் சரிசெய்வார்கள். பாதம் தட்டையாகி வெளியே சரிந்திருந்தால், நிமிர்த்திய முழங்காலை ஒவ்வொரு அடியிலும் அது மீண்டும் உள்ளே தள்ளும். அதற்குச் செருப்புக்குள் தாங்கு தட்டோ தனிச் சிகிச்சையோ தேவைப்படலாம்.

பெருவிரலை மேலே தூக்கச் சொல்லிப் பார்த்து, கொப்பியில் எழுதிவைக்க வேண்டும். வெளிப்பக்கக் கணைக்கால் நரம்பு ஒப்பரேஷனுக்கு முன்பே பலவீனமா என்பது பதிவில் இல்லாவிட்டால், பிறகு வரும் பலவீனம் பழையதா புதியதா என்று பிரித்தறிய முடியாது.

முடக்குவாதக்காரருக்குக் கழுத்து எக்ஸ்றேயும் வேண்டும். கழுத்து என்பு தளர்ந்திருந்தால், மயக்க மருந்து கொடுப்பவர் தலையை வளைக்கும் விதத்தை மாற்ற வேண்டியிருக்கும். மெதோட்ரெக்சேற் குளிசையை வழமையாக நிறுத்துவதில்லை. ஊசியாகப் போடும் புதுவகை உயிரியல் மருந்துகளை நேரம் பார்த்துத் தள்ளிவைப்பார்கள். எதையும் நோயாளி தானாக நிறுத்தக் கூடாது.

கால்விரல் இடுக்குகளையும் மறக்காமல் பார்க்க வேண்டும். வட்டைக்குள் இறங்கி வேலை செய்பவர்களின் சேற்றுப்புண், வெடித்த குதிக்கால், சொத்தைப்பல், கட்டுப்படாத சீனி ஆகிய எல்லாம் கிருமி புதுமூட்டுக்குள் போகும் வழிகள். இவை ஆறினால்தான் திகதி கொடுக்க வேண்டும். அவசரம் இல்லாத ஒப்பரேஷன் இது. ஒரு மாதம் பிந்துவதால் நட்டமில்லை.

போர்க்காலக் காயத் தழும்புகள் முழங்காலைச் சுற்றி இருப்பவர்கள் இங்கே குறைவில்லை. பழைய தழும்பு ஒன்றுக்கு மேல் இருந்தால், பயன்படக்கூடியவற்றில் ஆகக் கூடுதலாக வெளிப்புறம் உள்ள தழும்பால் இறங்குவதே பொது விதி. முழங்கால் முன்தோலுக்கான இரத்தம் பெரும்பாலும் உட்புறத்திலிருந்து வருகிறது. உட்புறத் தழும்பால் இறங்கினால் இரண்டு தழும்புகளுக்கும் நடுவிலுள்ள தோல் செத்துப்போகலாம். ஷெல் துண்டு உள்ளே கிடந்தாலோ முன்னர் சீழ் வடிந்திருந்தாலோ அதையும் வைத்தியரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

உட்புறத் திறப்பும் வெளிப்புறத் திறப்பும்

முதலில் ஒரு தெளிவு. தோலில் தெரியும் தழும்பை வைத்து மூட்டை எந்தப் பக்கத்தால் திறந்தார்கள் என்று சொல்ல முடியாது. தோல் வெட்டு பெரும்பாலும் நடுவிலோ சற்றே ஒதுங்கியோதான் இருக்கும். பேச்சு அதற்குக் கீழே உள்ள உறையைச் சில்லின் எந்தப் பக்கத்தால் வெட்டுவது என்பது பற்றியது.

உட்புறத் திறப்பில் சில்லின் உட்பக்கத்தால் வெட்டி, சில்லை வெளிப்புறம் ஒதுக்குவார்கள். எல்லாச் சத்திரசிகிச்சை நிபுணர்களும் படித்துப் பழகியது இது. மூட்டு முழுவதும் நன்றாகத் தெரியும், தேவைப்பட்டால் மேலும் கீழும் நீட்டலாம், மூடுவது சுலபம். முட்டுக்காலில் இதற்கு மூன்று குறைகள் உண்டு. இறுகியிருக்கும் வெளிப்புறம் தூரத்தில், மூட்டின் மறுகரையில் இருக்கிறது. ஏற்கெனவே தொய்ந்திருக்கும் உட்புறத்தை மேலும் வெட்டுகிறோம். மூன்றாவது குறை இரத்தவோட்டம் பற்றியது. இங்கே பலர் கவனம் பிசகுகிறார்கள். உட்புறத்தால் திறந்த பிறகும் சில்லு வெளியே சறுக்கினால் அதன் வெளிப்புற உறையையும் வெட்டித் தளர்த்த வேண்டிவரும். அப்போது சில்லுக்கு இரண்டு கரையாலும் வரும் இரத்தம் குறைந்து, பின்னாளில் சில்லு உடையும் ஆபத்து ஏறும்.

வெளிப்புறத் திறப்பை முட்டுக்காலுக்கென்று அமெரிக்க நிபுணர் கெப்லிஷ் 1991இல் விரிவாக எழுதினார். இதில் சில்லின் வெளிப்பக்கத்தால் இறங்குவார்கள். இறுகிய கட்டமைப்புகள் நேரே கண்முன் வருகின்றன. திறப்பே தளர்த்தலின் முதற்படியாகிவிடுகிறது. உட்புற நாரும் சில்லின் உட்பக்க இரத்தவோட்டமும் தொடப்படுவதில்லை. சில்லு நடுப்பள்ளத்தில் நேராக ஓடும்.

சிரமங்களும் உண்டு.

1. சில்லை உட்புறம் ஒதுக்குவது கடினம். சில்லின் நாண் பிடித்திருக்கும் கணைக்கால் மேடு வெளிப்பக்கமாக இருப்பதால் நாண் முட்டுக்கொடுக்கும். பலவந்தப்படுத்தினால் நாண் பிடுங்கிக்கொண்டு வரும். அது நடந்தால் கால் தானாக நிமிராது. முழுச் சிகிச்சையும் பாழாகும். அந்த அபாயம் தெரியும்போது சிலர் மேட்டையே என்புத் துண்டாக வெட்டித் திருப்பி, முடிவில் திருகாணியாலோ கம்பியாலோ இறுக்குவார்கள்.

2. மூடும் நேரத்தில் வெளிப்புறக் கரைகள் ஒன்றையொன்று தொடாது. உள்ளே சாய்ந்திருந்த கால் இப்போது நேராகிவிட்டதால் வெளிப்புறத்தில் உறை போதாமல் வருகிறது. ஆகவே திறக்கும்போதே சில்லுக்குக் கீழுள்ள கொழுப்புத் திண்டை வெட்டி எறியாமல் வெளிக்கரையோடு ஒட்டியபடி வைத்திருக்க வேண்டும். முடிவில் அதை இழுத்து இடைவெளியை அடைப்பார்கள். உறையையும் ஒரே ஆழத்தில் வெட்டாமல், மேற்படை ஓரிடத்திலும் கீழ்ப்படை சற்றுத் தள்ளியும் படிபோல வெட்டினால், கரைகளைச் சறுக்கி நீட்டி மூடலாம். அடைக்கப்படாமல் விட்டால் மூட்டுநீர் தோலுக்குக் கீழே கசிந்து புண் ஆறாது.

3. கண்ணாடியில் பார்த்து எழுதுவதுபோல எல்லாம் இடம் மாறித் தெரியும். பழகாத கைக்கு நேரமும் பிழையும் கூடும்.

தொடைத்தசையை வெட்டாமல் அதன் கீழால் போகும் முறையும், தசைக்கு நடுவால் போகும் முறையும் உண்டு. இலேசான முட்டுக்காலில் செய்யலாம். கால் மடங்காமல் இறுகியிருப்பவருக்கும் பருமனானவருக்கும் இடம் போதாது.

எது நல்லது? பொருத்தமான ஆளுக்கு நன்றாகச் செய்தால் இரண்டு திறப்பாலும் நல்ல காலைப் பெறலாம். முதலாம் தரத்திலும், கையால் நிமிரும் இரண்டாம் தரத்திலும் உட்புறத் திறப்பே போதும் என்பது எமது கருத்து. கையால் நிமிராத, 15, 20 பாகைக்கு மேற்பட்ட, சில்லு வெளியே சறுக்கிய காலுக்கு வெளிப்புறத் திறப்பு நியாயமானது. ஆனால் அதை அடிக்கடி செய்யும் கை வேண்டும். வருடத்துக்கு ஒன்றிரண்டு மட்டும் வெளிப்புறத்தால் செய்பவரைவிட, உட்புறத்தால் நூற்றுக்கணக்கில் செய்தவர் உட்புறத்தாலேயே கவனமாகச் செய்வது நோயாளிக்குப் பாதுகாப்பு.

என்பு வெட்டும் அளவுகள்

தொடையென்பின் அடியை வழமையாக 5 முதல் 7 பாகையில் வெட்டுவார்கள். முட்டுக்காலில் பலர் 3 பாகைக்கு இறக்குவார்கள். சாய்வு மிச்சம் வைத்துப் போகாமல் இருக்கவும், தொய்ந்த உட்பக்க நாரில் இழுவை குறையவும் அது உதவும். உட்குமிழிலிருந்து ஆகக் கூடியது 10 மில்லிமீற்றர். வெளிக்குமிழ் ஏற்கெனவே குறைந்திருப்பதால் அங்கே 1, 2 மில்லிமீற்றர்தான் வெட்டுப்படும். சிலவேளை வாள் என்பைத் தொடாமலே போகும். அந்த வெற்றிடத்தை என்புச் சீமெந்தாலோ, வெட்டிய என்புத் துண்டாலோ, 5 அல்லது 10 மில்லிமீற்றர் உலோகத் தட்டாலோ நிரப்ப வேண்டும். வெற்றிடம் இல்லாமல் ஆகட்டும் என்று முழு என்பையும் மேலே தள்ளி வெட்டுவது பெரும்பிழை. மூட்டுக்கோடு உயர்ந்து, சில்லு தாழ்ந்து, மடிப்பு குறையும்.

கணைக்கால் என்பை அதன் நீளக்கோட்டுக்கு 90 பாகையில், தேயாத உட்பக்கத்திலிருந்து 6 முதல் 8 மில்லிமீற்றர் அளவில் வெட்டுவார்கள்.

மிக நுட்பமானது புதுமூட்டின் தொடையென்புப் பாகத்தின் சுழற்சி. வழமையான கருவி, இரண்டு குமிழ்களின் பின்முகத்தில் முட்டி நின்று அதிலிருந்து 3 பாகை வெளிச்சுழற்சி கொடுக்கும். முட்டுக்காலில் வெளிக்குமிழின் பின்முகம் தேய்ந்திருப்பதால் கருவியே உட்புறம் திரும்பி நிற்கும். 3 பாகை கொடுத்தாலும் போதாது. பாகம் உட்சுழன்று பொருந்தினால் சில்லு ஒவ்வொரு மடிப்பிலும் வெளியே வழுக்கும், முன்முழங்கால் வலி மாறாது. அதனால் இங்கே பின்முகத்தை நம்பாமல் வேறு இரண்டு கோடுகளை நீலமையால் கீறிப் பார்ப்பார்கள். ஒன்று, தொடையென்பின் இரு பக்க மேடுகளையும் இணைக்கும் கோடு. மற்றது, சில்லு ஓடும் பள்ளத்தின் ஆழத்தில் முன்னிருந்து பின்னாக ஓடும் கோடு, வைட்சைட் கோடு என்று பெயர். இரண்டும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக வந்தால் அளவு சரி.

கணினி வழிகாட்டலும் ரோபோக் கருவியும் இந்தப் பாகைகளைத் துல்லியமாக்க உதவும். விளம்பரங்களைப் பார்த்து அதையே முழுத் தீர்வாக எண்ண வேண்டாம். நாரை எவ்வளவு தளர்த்துவது என்பதைக் கைதான் செய்ய வேண்டும்.

எதை, எந்த ஒழுங்கில் தளர்த்துவது

என்பு வெட்டி முடிந்தபின் ஒரு கட்டையை இடையில் வைத்து, காலை நீட்டியும் மடித்தும் பார்ப்பார்கள். வெளிப்புறம் எப்போது இறுகுகிறது என்பதே வழிகாட்டி.

1. நீட்டும்போது மட்டும் இறுகினால் காரணம், இடுப்பிலிருந்து வெளிப்பக்கமாக இறங்கும் அகன்ற பட்டையும் பின்வெளி மூலையுறையும்.

2. நீட்டும்போதும் மடிக்கும்போதும் இறுகினால் வெளிப்பக்க நாரும், முழங்காலின் பின்னால் குறுக்கே ஓடும் பொப்ளிற்றியஸ் நாணும்.

3. மடிக்கும்போது மட்டும் என்றால் முதலில் சுழற்சி அளவைத் திரும்பப் பார்க்க வேண்டும். பிழை பெரும்பாலும் என்பு வெட்டில் இருக்கும்.

ரணாவத் முறையில், மூட்டின் நடுவே ஓடும் பின் குறுக்கு நாரை முதலில் எடுத்துவிட்டு, காலை நீட்டி விரிகருவியால் இடைவெளியை இழுத்து வைத்துக்கொண்டு, பின்வெளி உறையை கணைக்கால் வெட்டு மட்டத்தில் குறுக்காக வெட்டுவார்கள். பிறகு பட்டையில் உள்ளிருந்தே கத்தி நுனியால் சிறுசிறு குத்துகள். அப்பத்தின் மேல் முள்ளுக்கரண்டியால் குத்துவதுபோல, பல வரிசையில், ஒவ்வொரு சில குத்துக்கும் நிறுத்தி விரலால் இழுவையைப் பார்த்து, மீண்டும் குத்தி, மில்லிமீற்றர் மில்லிமீற்றராக நீட்டுவார்கள். ஒரேயடியாக அறுத்தால் திரும்ப வழியில்லை. பொப்ளிற்றியஸ் நாணை இயன்றவரை விட்டுவைப்பார்கள். அதை அறுத்தால் மடிக்கும்போது மூட்டு ஆடும்.

அந்தப் பின்வெளி மூலையில், உறைக்கு வெளியே ஏறத்தாழ ஒன்றரை சென்ரிமீற்றர் தள்ளி வெளிப்பக்கக் கணைக்கால் நரம்பு ஓடுகிறது. அந்த இடைவெளி ஒரு சுண்டுவிரல் தடிப்புத்தான். கத்தி ஆழமாக இறங்கக் கூடாத இடம் அது.

இவ்வளவும் போதாத கடும் காலில், வெளிப்பக்க நார் பிடித்திருக்கும் என்பு மேட்டையே துண்டாக வெட்டிக் கீழிறக்கித் திருகாணியால் பிடிப்பார்கள்.

இன்னொரு விடயம் செய்யாமல் விடுவதில் இருக்கிறது. வில்லுக்காலில் உட்பக்க நாரைக் கணைக்கால் என்பிலிருந்து உரித்துத் தளர்த்துவது முதல் வேலை. பழக்கத்தில் முட்டுக்காலிலும் அதைச் செய்துவிட்டால், தொய்ந்த நார் முற்றாகப் போய்விடும். என்பை வெட்டுவதற்கு மட்டும் தேவையான அளவுக்கு மேல் உட்புறத்தைத் தொடக் கூடாது.

எந்த மூட்டு?

மூட்டு வகைகள் நார் எவ்வளவு மிஞ்சியது என்பதற்கேற்ப மாறும். பின் குறுக்கு நாரை வைத்துக்கொள்ளும் வகை, இலேசான முட்டுக்காலில் சிலர் தெரிவது. அந்த நாரை எடுத்து, அதற்குப் பதிலாக, உலோகப் பாகங்களுக்கு இடையில் வரும் பிளாஸ்திக்கின் நடுவில் சிறு முளை உள்ள வகை, முதலாம் இரண்டாம் தரங்களில் பெரும்பாலும் போடுவது. முளை உயர்ந்து தடித்து, பக்க ஆட்டத்தையும் தடுக்கும் வகை, உட்பக்க நார் பலவீனமாக உள்ளபோது. பிணைச்சல் உள்ள வகை, நாரே இல்லாதபோது, பெரும்பாலும் வயதானவர்களுக்கு.

கடைசி இரண்டும் விலை கூட என்பதால் 'தரமானவை' என்று எண்ணக் கூடாது. நார் தாங்க வேண்டிய விசையை மூட்டே தாங்குவதால் அது என்பிலும் சீமெந்திலும் போய் விழும். அதனால்தான் என்புக்குழிக்குள் நீண்ட தண்டு பூட்டுகிறார்கள். நார் நலமாக உள்ளவருக்கு அதைப் போடுவது தேவையற்ற சுமை. நார் போனவருக்குச் சாதாரண மூட்டைப் போட்டால் சில மாதங்களில் கால் மீண்டும் சாயும். இரண்டாம், மூன்றாம் தரக் காலுக்குப் போகும்போது தடித்த முளை வகையும் தண்டும் கூடத்தில் தயாராக இருக்க வேண்டும். திறந்த பிறகு தேட முடியாது.

பாதம் தொங்கினால்

வருடக்கணக்காகச் சாய்ந்திருந்த கால் ஒரு மணி நேரத்தில் நேராகும்போது வெளிப்புறம் நீள்கிறது, கூடவே பாதத்தைத் தூக்கவைக்கும் வெளிப்பக்கக் கணைக்கால் நரம்பும் இழுபடுகிறது. முட்டுக்காலோடு மடிப்பு இறுக்கமும் சேர்ந்திருப்பவருக்கு ஆபத்து ஆகக் கூட. பொதுவான முழங்கால் மாற்றில் நூற்றில் ஒருவரை ஒட்டி வரும் இந்தப் பாதிப்பு, முட்டுக்காலில் நூற்றுக்கு 3, 4 வரை ஏறும்.

அறிகுறி: விறைப்பு மருந்து இறங்கிய பிறகும் பெருவிரலையும் பாதத்தையும் மேலே தூக்க முடியாது, பாதத்தின் மேற்புறம் மரத்திருக்கும். உடனே வார்ட் தாதியிடம் சொல்ல வேண்டும். முதல் வேலை, இறுகிய பந்தனத்தை முழுவதும் தளர்த்தி, முழங்காலை 20, 30 பாகை மடித்துத் தலையணையில் வைப்பது. இழுவை குறைந்தால் நரம்புக்கு மூச்சு வரும். இரத்தக்கட்டி அழுத்துகிறதா என்றும் பார்க்க வேண்டும். இழுபட்ட நரம்பு பலருக்குப் பகுதியாகவோ முழுதாகவோ மீளும், ஆனால் மாதக்கணக்கில். அதுவரை பாதத்தைத் தாங்கும் பட்டை அணிய வேண்டும், இல்லாவிட்டால் குதிக்கால் நாண் சுருங்கிவிடும்.

இந்தக் காரணத்தால்தான் முட்டுக்காலில் சில மயக்கமருந்து நிபுணர்கள் முழங்காலுக்குப் பின்னால் நீண்டநேர விறைப்பு ஊசி போட விரும்புவதில்லை. விறைப்பு நீடித்தால் நரம்பின் நிலை தெரியாது.

வீட்டுக்கு வந்த பிறகு

அன்றோ மறுநாளோ எழுந்து நிற்கவைப்பார்கள். இரண்டு கிழமையில் 90 பாகை மடிப்பும் முழு நீட்டலும் இலக்கு. தையலோ கிளிப்போ 12 முதல் 14 நாளில் எடுப்பார்கள். நரம்புப் பிரச்சினை இல்லாதவர் முழங்காலுக்குக் கீழே தலையணை வைத்துப் படுக்கக் கூடாது. சுகமாக இருக்கும், ஆனால் கால் மடிந்தே இறுகிவிடும்.

தடித்த முளை மூட்டு பூட்டியவரும், நார் மேட்டை வெட்டிப் பிடித்தவரும் ஆறு கிழமைவரை பக்கப் பட்டியோடு நடக்கும்படி சொல்லப்படலாம். மற்றவரைப் பார்த்து அதைக் கழற்ற வேண்டாம்.

குந்துவதும் பாயில் சம்மணம் கட்டுவதும் பொருந்தாது. குந்து மலசலகூடம் உள்ள வீடுகளில் கதிரை வகைக் கொமோட்டை ஒப்பரேஷனுக்கு முன்பே வாங்கிவைக்க வேண்டும். தொழுகையைக் கதிரையில் இருந்து செய்யலாம். வரம்பில் நடப்பது, ஈரச் சேற்றில் இறங்குவது, குழித்தறியில் மிதிப்பது ஆகியவற்றுக்கு இயன்மருத்துவரின் அனுமதி வேண்டும். வரம்பில் கால் பக்கவாட்டில் வழுக்குவது உட்பக்க நாருக்கு நேரடி அடி.

புண் ஆறும்வரை நோவெண்ணெய், பத்து, கட்டு எதுவும் வேண்டாம். பரிசாரியாரிடம் உருவுவதும் வேண்டாம். காய்ச்சல், புண்ணில் கசிவு, கெண்டைக்கால் வீங்கி நோதல், திடீர் மூச்சு முட்டு ஆகிய எதுவும் வந்தால் கிளினிக் திகதிக்குக் காத்திராமல் அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். வாகரை, பாணமை போன்ற தூர ஊர்களில் இருப்பவர்கள் இரவில் யாருடைய வாகனம் கிடைக்கும் என்பதை முன்கூட்டியே பேசி வைத்திருப்பது நல்லது.

பூட்டிய மூட்டின் பெட்டியில் வகை, அளவு, தொகுதி எண் அச்சிட்ட ஒட்டுத்தாள்கள் இருக்கும். அவற்றில் ஒன்றைக் கேட்டுக் கிளினிக் கொப்பியின் உள்ளட்டையில் ஒட்டிக்கொள்ளுங்கள். 15, 20 வருடத்துக்குப் பிறகு பிளாஸ்திக் மட்டும் மாற்ற வேண்டி வந்தால், வேறு வைத்தியரும் வேறு ஊரும் ஆகியிருந்தாலும், எந்தத் துண்டை வரவழைப்பது என்று அந்தச் சிறு தாள்தான் சொல்லும்.